கண்ணாடிக்குள் இரண்டு பேர்

ஒரு பெண்ணைக் கண்ணாடியில் நன்றாகப் பார்த்துவிட்டு, அவள் மேலேயே வண்டியைப் பின்னால் எடுத்தவன் நான். பார்க்காமல் மோதுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்த்து, ‘சரி, நிற்கிறது’ என்று மனசுக்குள் குறித்தும் வைத்துக்கொண்டு, அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.

விருத்தாசலத்தில் வாஷ்பேசினும் டாய்லெட் கோப்பையும் செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் அப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் பெண்ணாடம் பக்கம் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினேன். வேலைக்குப் போன அன்று சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“டிரெய்லரோட ரிவர்ஸ் எடுப்பியாய்யா?”

“கண்ண மூடிக்கினே எடுப்பேன் சார்.”

உடனே சேர்த்துக்கொண்டார். அந்த வாக்கை நான் இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஃபோர்க்லிஃப்ட் ஒரு கோணல் பிறவி. முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு, அதன்மேல் சரக்கு. மரத்தட்டில் பேசின்களை அடுக்கித் தூக்கிவிட்டால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். யானை வந்தாலும் தெரியாது. அதனால் சரக்கு ஏற்றியபின் பின்பக்கமாகவே போக வேண்டும். இன்னொரு கோணலும் உண்டு: இதில் திரும்புவது பின்சக்கரம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் போதும், சரக்கின் பாரத்துக்கு ஈடாகப் பின்னால் வைத்திருக்கும் இரும்புப் பாறை, நாய் வாலை வீசுவதுபோலப் பக்கவாட்டில் வீசும். நான் அங்கே வேலை செய்த காலத்தில் பாதிக்கு மேல் பின்னோக்கித்தான் பயணம் செய்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் சமையல்கட்டையே பார்க்கிறார் என்று கோபித்துக்கொண்டார்கள்.

கழுத்து வலிக்குப் பயந்து, திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியை நம்பத் தொடங்கினேன். வண்டியோடு வந்த கண்ணாடியை முதல் வாரமே தூணில் இடித்து உடைத்திருந்தேன். அதற்குப் பதில் ஒரு பழைய மொபெட்டின் உருண்டைக் கண்ணாடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். அதில் எல்லாம் சின்னதாக, தூரத்தில் இருப்பதாகத் தெரியும். ரிவர்ஸ் போட்டால் கத்துகிற பஸ்ஸரையும் நான்தான் பிடுங்கிப் போட்டேன். தகரக் கூரைக்கு அடியில் அது எந்தப் பக்கம் கத்துகிறது என்றே யாருக்கும் புரியவில்லை. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள்தான் பதறி ஓடினார்கள். இது சூப்பர்வைசரிடம் நான் சொன்ன காரணம். உண்மையில் எனக்குத் தலை வலித்தது.

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே எல்லாமே வெள்ளை. காய்ந்த களிமண் தூசு தரையில், தூணில், மனிதர்களின் புருவத்தில் எல்லாம் படிந்திருக்கும். சூளைக்குப் போகக் காத்திருக்கும் கோப்பைகள் வரிசை வரிசையாக, தலையில்லாத ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேசினுக்கு அடியில் வைக்கிற கால்கள் தனியாக ஒரு கூட்டமாக நிற்கும். வேலை செய்கிற பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டு, தலையிலிருந்து மூக்குவரை துண்டைச் சுற்றியிருப்பார்கள். காலை ஒன்பது மணிக்குச் சிவப்பும் பச்சையுமாக உள்ளே போகிறவர்கள், பதினொரு மணிக்கெல்லாம் ஒரே வெள்ளை. கோப்பைகளுக்கு நடுவில் யாராவது அசையாமல் நின்றால் ஆள் எது, சரக்கு எது என்று தெரியாது. சில சமயம் ஒரு வரிசைக் கோப்பைகளைத் தாண்டிப் போகும்போது, அதில் ஒன்று திரும்பிப் பார்க்கும்.

சூளையிலிருந்து பேக்கிங்குக்குப் போகிற வழியில் ஒரு மூலை. வழி அங்கே ஒடிகிறது. அதே மூலையில்தான் குடிதண்ணீர்க் குழாய். சூளைச் சூட்டில் வேகிற அத்தனை பேரும் அங்கே வந்துதான் தொண்டையை நனைக்க வேண்டும். என்னுடைய இரும்பு வாலும் அங்கேதான் வீசும். ஒருநாள் அங்கே ஓர் அடுக்கு பேசினை மொத்தமாகச் சாய்த்தேன். நல்லவேளை, குழாயடியில் யாரும் இல்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார். குழாயை மாற்றிவிடலாம் என்று அந்த இடத்தில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது.

“சார், இந்த மூலைல கண்ணு பட்டிருக்குது. புது வூடு கட்றப்ப பொம்ம கட்டித் தொங்க விடுறாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு நிறுத்திட்டா சரியாப் போவும்.”

என் கண் சரியில்லை என்பதை ஊர்க்கண் சரியில்லை என்று மாற்றிவிட்டேன். எல்லாருக்கும் பிடித்துப்போனது. சூப்பர்வைசருக்கும் என்மேல் ரிப்போர்ட் எழுதுகிற வேலை மிச்சம்.

இரண்டு நாளில் பொம்மை தயார். கழித்துப் போட்ட பேசின் கால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உடம்பு. குறுக்கே ஒரு மூங்கில், தோளாக. தலையைக் களிமண்ணில் உருட்டி, கண் எழுதி, சூளையிலேயே வைத்துச் சுட்டு எடுத்தார்கள். வழக்கமாகத் திருஷ்டி பொம்மைக்குக் கோரைப்பல், மீசை எல்லாம் இருக்கும். எங்கள் பெண்கள் அதெல்லாம் வேண்டாம் என்று, தங்களைப் போலவே சேலை சுற்றி, துண்டு கட்டி, மூக்கை மூடிவிட்டார்கள். மேலே போட ஒரு சட்டை தேவைப்பட்டது. என்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்தேன். யோசனை கொடுத்தவன் சட்டையும் கொடுக்க வேண்டாமா?

முதல் இரண்டு வாரம் பொம்மை பிரமாதமாக வேலை செய்தது. பின்னால் வரும்போது கண்ணாடியில் திடீரென்று ஓர் ஆள் நிற்கும். சுட்ட கண் இரண்டும் மினுக்கென்று வெளிச்சம் காட்டும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பிறகுதான், அட, நம்ம சட்டை, என்று மூச்சு விடுவேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ எனக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். பத்து நாளில் சட்டையும் வெள்ளையாகிவிட்டது.

அப்புறம் பழகிப்போனது. மூலையில் ஆள் தெரிந்தால் பொம்மை. கால் பிரேக்குக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. நான் பொம்மையோடு பேச ஆரம்பித்தேன். “தள்ளிக்கம்மா, வண்டி வருது” என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் திருப்புவேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். பேக்கிங்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “அண்ணிய கேட்டதா சொல்லுங்க” என்று கிண்டல் செய்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பொம்மை எப்போதும் குழாய்க்கு இடப்பக்கம். ஆனால் சில நாள் காலையில் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சில நாள் தலை லேசாகக் குனிந்திருக்கும், கீழே எதையோ தேடுகிற மாதிரி. ஒருநாள் மூங்கில் கையில் சொட்டச் சொட்ட ஈரம். கூட்டுகிறவர்களைக் கேட்டேன். “நாங்க தொடவே இல்லீங்கண்ணா” என்றார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் துண்டைப் பிழிந்து காயப்போட்டிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குப் பகல் வெளிச்சத்திலேயே அதைத் தொடாமல் தள்ளி நின்றேன்.

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். கரண்ட் போனது. களிமண்ணை அரைத்தபடி எப்போதும் தடதடக்கிற பால்மில் மிஷின் நின்றது. காற்று ஊதுகிற மிஷினும் நின்றது. அவ்வளவு பெரிய ஷெட் திடீரென்று காதை அடைத்த மாதிரி அமைதியானது. கூரை ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்க, தூசு கீழே விழாமல் அப்படியே நின்றது. என் வண்டி மட்டும் டீசலில் உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் முழு அடுக்கு பேசின். பின்பக்கமாக மூலைக்கு வந்தேன்.

கண்ணாடியில் பொம்மை, வழக்கமான இடத்தில்.

“தள்ளிக்கம்மா” என்றேன்.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். கண்ணாடி கொஞ்சம் திரும்பியது. குழாயின் வலப்பக்கத்தில் இன்னொரு பொம்மை நின்றது. அதே துண்டு, அதே வெள்ளைச் சட்டை, அதே உயரம். கண்ணாடிக்குள் இரண்டு பேர், அசையாமல், என்னையே பார்த்துக்கொண்டு.

இப்போது யாராயிருந்தாலும் ‘ஒன்று ஆள்’ என்று நினைப்பார்கள். எனக்கு வந்த முதல் எண்ணம், ‘இன்னொன்று எப்போது செய்தார்கள்?’ என்பது. அதற்கு அப்புறம்தான் மூளை வந்து சேர்ந்தது. இடப்பக்கம் நிற்பது பொம்மை; எப்போதும் அங்கேதான் நிற்கும். அப்படியானால் வலப்பக்கம் நிற்பது ஆள். ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று வாலை இடப்பக்கம் வீசினேன்.

பொம்மை கத்தியது.

அந்தக் கத்தலை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. துண்டுக்குள்ளிருந்து வந்த கத்தல். பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், பேயைக் கண்டவன்போல இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, கையில் இருந்த ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் சுழற்றினேன். வால் வலப்பக்கம் வீசியது. நொறுங்கும் சத்தம். வண்டி சுவரில் முட்டி நின்றது. தலை ஒன்று உருண்டு வந்து வெயில் கம்பி ஒன்றின் கீழ் நின்று, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. சக்கரத்தடியில் என் சட்டை.

ஆளைக் கொன்றுவிட்டேன், பொம்மை கத்துகிறது என்று நினைத்து இறங்கி ஓடினேன். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த என்னை நாலு பேர் வந்து இழுத்துப் போனார்கள்.

குழாய்க்கு இடப்பக்கம் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காயாத பேசின்களைப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. சுவரோடு ஒட்டியதில் முழங்கை சிராய்த்திருந்தது, வேறு அடியில்லை. பக்கத்தில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் அப்பளம்போல நசுங்கிக் கிடந்தது. வலப்பக்கம் பொம்மை தூள்தூளாகக் கிடந்தது. தரை கழுவுவதற்காகக் காலையில் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தவர்கள் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள்.

ஷெட்டே கூடிவிட்டது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பொண்ணுக்கு வந்தத பொம்ம வாங்கிக்கிச்சு” என்றாள். அவ்வளவுதான். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். “யோவ், உன் யோசனைதான்யா ஒரு உசுர காப்பாத்திச்சு.” அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். ‘குழாயடியில் ஆள் நின்றது கண்ணாடியில் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை இன்னும் பெரிய பொம்மையாக அதே இடத்தில் நிறுத்துவது என்று முடிவானது.

அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நேராக என்னிடம் வந்தாள். துண்டில்லாமல் அவள் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரே ஷெட்டில் வேலை.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன். என்னப் பாத்தீங்கதானே?”

“எங்கம்மா தெரிஞ்சிது? அந்தத் தூசுல…”

“பொய் சொல்லாதீங்க. கண்ணாடில உங்க கண்ணு எனக்குத் தெரிஞ்சிது. என் கண்ணப் பாத்தீங்க. ஏதோ சொல்லவும் சொன்னீங்க, வாய் அசஞ்சிது.”

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“அண்ணன் பாத்துட்டாரு, நிறுத்திடுவாருன்னுதான் நான் நவுராம நின்னேன். பாக்கலன்னா ஓடியிருப்பேன்.”

பொம்மை என்று நினைத்தேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“தள்ளிக்கம்மான்னு நீங்க பேசறதா சொல்லுவாங்களே, அது எனக்குச் சொன்னதா, அதுக்குச் சொன்னதா?”

“அதுக்குத்தாம்மா.”

“நாளைக்கு இன்னொண்ண நிறுத்துறாங்க. நாங்க அங்கதான் தண்ணி குடிக்கணும். எத்தினி பேரு அது பக்கத்துல நிப்போம்? நான் போயி சொன்னா, வழில நின்னது ஒன் தப்புன்னுவாங்க. வண்டி உங்க கையில இருக்குது. நீங்க சொல்லுங்க.”

“சொன்னா என்ன வண்டிலேர்ந்து எறக்கிடுவாங்கம்மா. வேலையே போனாலும் போவும்.”

“சொல்லலன்னா நாங்க போவோம்” என்றாள். நல்லூர் பஸ் வந்தது. “போயிட்டு வரேங்கண்ணா” என்று, பக்கத்து வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புதுப் பொம்மை வந்தது. முதல் பொம்மையைவிட ஒரு சாண் உயரம். இந்த முறை கண்ணை இன்னும் பெரியதாக எழுதியிருந்தார்கள். பெண்கள் சுற்றி நிற்க, நடுவில் அதுவும் துண்டு கட்டிக்கொண்டு நின்றது. யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணும்போதே ஒன்று கூடுதலாக வந்தது. திரும்ப எண்ணினேன். இந்த முறை எந்த இடத்தில் அதை எண்ணினேன் என்றே தெரியவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயம், அன்று சீட்டில் காலைத் தூக்கி வைத்தபோது வந்த பயத்தைவிடப் பெரியது. இத்தனைக்கும் நான் பக்கத்தில், தரையில், பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தேன்.

பூசணிக்காயை என் கையில் கொடுத்தார்கள். டிரைவர்தான் உடைக்க வேண்டுமாம்.

“சார், அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிது” என்றேன்.

“என்னாய்யா தெரிஞ்சிது?”

“இந்தப் பொண்ணு நின்னது. நல்லா பாத்தேன். பொம்மன்னு நெனச்சி அது மேலயே எடுத்தேன். பொம்ம இல்லன்னா நிறுத்தியிருப்பேன் சார். இத இங்க நிக்க வச்சா யாரு நின்னாலும் எனக்குப் பொம்மதான்.”

சூப்பர்வைசர் பூசணிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தெரியலன்னு எழுதிக் குடுத்தியேய்யா?”

“எழுதுனது பொய் சார்.”

“பஸ்ஸரு?”

“அதையும் நான்தான் புடுங்கிப் போட்டேன்.”

“கண்ணாடி?”

“மொபெட்டுது சார்.”

கேட்கக் கேட்க இன்னும் நாலு குற்றம் சொல்லியிருப்பேன், அப்படி ஒரு வேகம் வந்துவிட்டது. கூட்டத்திலிருந்து யாரோ, “இவுரு ஓட்டுனதே வண்டிதானான்னு கேளுங்க சார்” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பொம்மையை விட்டு விலகி நின்றதைப் பார்த்தேன். அந்தப் பெண் மட்டும் பக்கத்தில் போய், அதன் தலையைத் திருகிக் கழற்றி, தரையில் கவிழ்த்து வைத்தாள்.

வேலை போகவில்லை. வண்டி போனது. ஒரு மாதத்துக்கு மேல் கைவண்டி தள்ளினேன். அதற்குள் குழாயை ஷெட்டுக்கு வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். ஒரு பிளம்பர், அரை நாள் வேலை. வண்டி ஓடுகிற பாதைக்கும் நடக்கிற வழிக்கும் நடுவில் இரும்புக் குழாயில் தடுப்புப் போட்டார்கள். பஸ்ஸரைத் திரும்ப மாட்டினார்கள். அகலமான கண்ணாடி வந்தது. பிறகுதான் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

முதல் நாள், முழு அடுக்கோடு பின்பக்கமாக மூலைக்கு வந்தேன். பஸ்ஸர் கத்திக்கொண்டிருந்தது. புதுக் கண்ணாடியில் மூலை சுத்தமாக, காலியாக இருந்தது. குழாய் பிடுங்கிய இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கக் கை வரவில்லை. வண்டியை நிறுத்தி, சரக்கை இறக்கி வைத்து, கீழே இறங்கிப் பின்னால் போனேன். இடப்பக்கம் கையை நீட்டித் துழாவினேன். வலப்பக்கமும் துழாவினேன். காற்றுதான் இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை துழாவினேன்.

சூப்பர்வைசர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாய்யா தேடுற?”

“ஆளு நிக்கிறாங்களான்னு பாக்கறேன் சார்.”

“அங்கதான் யாருமே இல்லியே.”

“அன்னிக்கும் அப்பிடித்தான் சார் நெனச்சேன்.”